நாற்பது வாட் அகண்ட தீபம்

ஜனவரி 6, 1964

இந்த டைரி, மாட்டு மருந்துக் கம்பெனிக்காரன் அவருக்கு இனாமாகக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மடிவீக்கத்துக்குக் களிம்பு, வயிற்றுப் புழுவுக்கு மாத்திரை என்று விளம்பரம். "நீயே எழுது பிரமு, எனக்கு எழுத என்ன இருக்கு" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். அவர் பெயரை இதில் எழுத மாட்டேன். டைரிக்குப் பூட்டு இல்லாவிட்டாலும் ஒரு மரியாதை உண்டு. 'அவர்' என்றால் என் வீட்டுக்காரர், கால்நடைக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்.

புரசைவாக்கத்தில் இந்த மாடிவீட்டுக்கு நேற்றுத்தான் குடிவந்தோம். இதற்கு முன் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். குழாயடியில் வரிசையில் நின்றே என் கல்யாண வாழ்க்கை பாதி போய்விட்டது. இங்கே சமையலறைக்குள்ளேயே குழாய். திருகினால் தண்ணீர் வருகிறது! காலையிலிருந்து தேவையில்லாமல் நாலு தடவை திருகிப் பார்த்துவிட்டேன்.

கீழே வீட்டுச் சொந்தக்காரர் அருணகிரி முதலியார். வீடு கொடுக்கும் முன்னால் ஒரு விசாரணை வைத்தார்.

"சைவந்தானே?"

"ஏழு தலைமுறையா."

"முட்டை?"

"ஐயையோ!"

"மீனெண்ணெய் மாத்திரை?"

அவர் யோசிக்க ஆரம்பித்தார். இந்த மனுஷருக்கு எதற்கும் சரியான பதில் சொல்ல வேண்டும். நான் முந்திக்கொண்டு, "அதுவும் கிடையாதுங்க" என்றேன். "முட்டை ஓடு கண்ணுல பட்டாலும் அன்னைக்கே காலி பண்ணிடணும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். இந்த வீட்டை விட்டு என்னை இனி யாராலும் கிளப்ப முடியாது.

ஜனவரி 9

கந்தசாமி கோவிலுக்குப் போக ஜட்கா பிடித்தோம். காதர் பாய் வண்டி. பாதி வழியில் குதிரை நின்று, நம் ஊர் சுருட்டுக் கிழவர்கள் மாதிரி இரும ஆரம்பித்தது.

"இன்னா சார் பண்றது, ஸ்டாண்டுல அல்லா குதிரையும் இப்டித்தான் லொக்கு லொக்குன்னுது" என்றார் காதர் பாய். "ரேஸ் குதிரைங்க கூட இருமுதாம். பொயப்பே போச்சு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கூட அது வரவில்லை. குதித்து இறங்கி, என் கைக்குட்டையைப் பிடுங்கி, குதிரையின் மூக்கில் ஒழுகியதை ஒற்றி எடுத்தார். வைக்க இடம் தேடினார். காபி பிளாஸ்க் அகப்பட்டது. காபியைத் தெருவில் கொட்டினார்.

கோவிலுக்குப் போகவில்லை. கல்லூரிக்குப் போனோம். அந்த பிளாஸ்க்கை இனி நான் தொடப்போவதில்லை.

ஜனவரி 10

அவர் சொல்வது இது: குதிரை இருமலுக்குக் காரணம் வைரஸ். சாதாரணக் கிருமியைவிடச் சிறியது, மைக்ராஸ்கோப்பில் தெரியாது, உயிருள்ள ஒன்றுக்குள்தான் வளரும். அடைவைத்த கோழிமுட்டைக்குள் அதை வளர்த்துக் காட்ட வேண்டும். நம் பக்கத்தில் இன்னும் யாரும் காட்டவில்லையாம்.

அவருடைய துறைத் தலைவர் சொல்வது இது: "குதிரை புழுதியில ஓடுது, இருமுது. நீரும் ஓடிப் பாரும், இருமுவீர்." கல்லூரியில் முட்டைக்குச் சூடு காட்டும் இன்குபேட்டர் ஒன்றுதான் இருக்கிறது. அது முழுக்கக் கோழித் தடுப்பூசிக்கான முட்டைகள். அதற்குள் குதிரைச் சளியை விட முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை என்று நான் சொன்னேன். ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

ஜனவரி 12

சாப்பிடாதவர் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சுப்பழம் வந்த மரப்பெட்டி ஒன்று, உள்ளே மரத்தூள், ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நாற்பது வாட் பல்பு. அதை என் வீட்டு ஸ்டோர் ரூமில் வைத்தார். அப்புறம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தார். நாலு அடுக்கிலும் முட்டை.

நான் அலறவில்லை. அலறினால் கீழே கேட்கும். வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, வீடு போயிரும்" என்றேன்.

"திங்கவா போறோம்? அடைதானே வைக்கோம்."

"முதலியார்ட்ட அதைச் சொல்லிப் பாருங்க."

"அவர்ட்ட எதுக்குச் சொல்லணும்?"

பல்பு இரவும் பகலும் எரிய வேண்டுமாம். முட்டைகளை நாளுக்கு மூன்று தடவை புரட்ட வேண்டுமாம். பகலில் அவர் கல்லூரியில் இருப்பார். அப்படியானால் யார் புரட்டுவது என்று கேட்டேன். என்னையே அன்போடு பார்த்தார். எனக்கு இந்த ஆராய்ச்சியில் கடுகளவும் அக்கறை இல்லை, வீடு கைவிட்டுப் போகாமல் இருந்தால் சரி.

ஜனவரி 14

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. முட்டைகள் சௌக்கியம்.

ஜனவரி 17

முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, இருட்டில் டார்ச்சை அதன் அடியில் பிடிக்க வேண்டும். முட்டை செக்கச்செவேலென்று ஆகிவிடுகிறது. உள்ளே வலைவலையாய் ரத்தக்குழாய், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அது துடிக்கிறது.

ஏழாம் நம்பர் முட்டையில் மட்டும் வெளிச்சம் பட்டதும் அது துள்ளி ஒதுங்கியது. இன்னொரு தடவை பிடித்தேன், இன்னொரு தடவை துள்ளியது. சூட்டுக்கு நல்லதில்லை, ஒரு தடவைக்கு மேல் பார்க்காதே என்றார் அவர். நான் ஒரு தடவைதான் பார்த்தேன் என்று சொன்னேன்.

ஜனவரி 18

காலையில் முதலியார் மாடிக்கு வந்துவிட்டார். "மீட்டர் ராட்டினமாச் சுத்துதேம்மா. பகல்ல கூட லைட்டு எரியுது. அந்த ரூம்புல என்னா எரியுது?"

ஸ்டோர் ரூம் கதவிடுக்கில் வெளிச்சம். அவர் அடுத்த அடுக்குக்கு முட்டை வாங்கப் போயிருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அகண்ட தீபங்க. எங்க ஊர் நெல்லையப்பருக்கு நேந்துக்கிட்டது. அணையவே கூடாது."

"பல்பா?"

"எண்ணெ விளக்குன்னா காத்துல அணைஞ்சிருதுங்க."

கதவிடுக்கை எட்டிப் பார்த்தார். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "காலத்துக்கேத்த பக்தி" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

நெல்லையப்பரையும் இதில் இழுத்துவிட்டேனே!

ஜனவரி 19

முதலியார் சம்சாரம் தாயாரம்மாள் தலைக்குக் குளித்து, மல்லிகைச் சரத்தோடு வந்து நிற்கிறாள். தீபத்தைப் பார்க்க வேண்டுமாம்.

நல்லவேளை, பெட்டிக்கு முன்னால் என் சின்னாளபட்டிப் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தேன். திரையை விலக்கக் கூடாது, விரதம் என்றேன். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்தது தானாகவே வரிசையில் வந்து நிற்கிறது. அந்தம்மாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கர்ப்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"உள்ளேருந்து ஒரு சூடு வருதும்மா. நல்ல சக்தி" என்றாள்.

மகள் சொர்ணத்துக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போய் மாதக்கணக்காக வாயைத் திறக்கவில்லையாம். அதற்காக வேண்டிக்கொண்டாள். போகும்போது அவள் கண் ஈரமாக இருந்தது. நான் முட்டையைப் புரட்டப் போனேன்.

சாயந்தரம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் தானே கர்ப்பூரம் ஏற்றித் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "கர்ப்பூரம் ஏத்தினா பெட்டிக்குள்ள அரை டிகிரி ஏறுது. ரெண்டடி தள்ளி வச்சுக் காட்டச் சொல்லு" என்றார்.

ஜனவரி 22

ஊசி போடும் நாள். முட்டையின் தலையில் ஸ்பிரிட் தடவி, சின்ன ஓட்டை போட்டு, குதிரை மூக்குத் தண்ணீரில் பென்சிலின் கலந்து ஒரு துளி உள்ளே ஏற்றி, ஓட்டையை மெழுகால் மூட வேண்டும். அவர் வைத்தால் மெழுகு முட்டை முழுக்க வழிகிறது. மெழுகு வைப்பதெல்லாம் நான்தான். அப்பம் சுட்ட கை, சொட்டுப் பிசகாது.

எண்ணும்போது ஒன்று குறைந்தது. ஏழாம் நம்பர் அழுகிவிட்டது, நேற்றே எறிந்துவிட்டேன் என்றேன். அவர் நம்பினார். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 25

அவர் முட்டைகளைக் கல்லூரிக்கு எடுத்துப்போய், ஒரு ராத்திரி ஐஸ்பெட்டியில் வைத்து, உடைத்து, உள்ளிருந்த நீரைச் சோதித்தார். அந்த நீரோடு கோழி ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கலந்து கண்ணாடிக் குழாயில் வைப்பார்களாம். வைரஸ் இல்லாவிட்டால் அணுக்கள் அடியில் இறங்கி, குங்குமப் பொட்டு வைத்த மாதிரி அழகாக உட்காருமாம். இருந்தால் பொட்டு உட்காராதாம்.

எல்லாக் குழாயிலும் பொட்டு.

"முதல் தடவை இப்படித்தான் ஆகும். இந்தத் தண்ணியையே அடுத்த முட்டைக்கு ஏத்திப் பாப்போம். பொட்டு உக்காரக் கூடாதுன்னு வேண்டிக்கோ" என்றார்.

"ஒரு சுமங்கலி வாயால அப்படி வேண்டிக்கிட முடியாது. வேற மாதிரி சொல்லுங்க."

யோசித்தார். "சரி, பரவணும்னு வேண்டிக்கோ."

வேண்டிக்கொண்டேன். திரைக்கு முன்னால்தான். வேறு எங்கே போவது?

ஜனவரி 27

காஞ்சிபுரத்துக்காரர்கள் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பங்குனியில் கல்யாணம்.

தாயாரம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சாயந்தரம் படியில் பதினைந்து ஜோடிச் செருப்பு. ஒருத்திக்குப் பிள்ளைக்கு வேலை, ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்தி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை வாட் என்று கேட்டாள். அவள் வீட்டிலும் ஒன்று வைக்கப்போகிறாளாம்.

ஜனவரி 29

பதினெட்டாம் தேதி வாங்கி வைத்த இரண்டாவது அடுக்கு முட்டைகளுக்கு நேற்றுத்தான் ஊசி போட்டோம். இன்று மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. அவர் கல்லூரியில். தெர்மாமீட்டர் இறங்குகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தடதடவென்று படியேறி வந்தவள் தாயாரம்மாள். "ஐயோ, தீபம்!" கையில் கனல் நிரம்பிய குமுட்டி அடுப்பு. விளக்கு அணைந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அந்தம்மாளுக்குப் பயம். "வெளிச்சம் போனாலும் சூடாவது இருக்கட்டும்" என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்து விசிற ஆரம்பித்தாள். நான் திரைக்குள் தலையை விட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்கம்மா. சாமி குளிருதுங்கு."

வைத்தாள்.

"இப்போ ஒரு சாண் தள்ளி."

தள்ளினாள். விளக்கு வைக்கிற நேரம்வரை அந்தம்மாள் விசிறி, நான் சொல்லச் சொல்லத் தள்ளி, கிட்ட வைத்து, தொண்ணூற்றொன்பது டிகிரியில் ஒரு கோடு கூடாமல் குறையாமல் காப்பாற்றிக் கொடுத்தாள். கரண்ட் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இவளை ஏமாற்றுகிறோமே என்று இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தேன். அதற்குள் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. சொல்லவில்லை.

பிப்ரவரி 1

இரண்டாவது அடுக்கைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறார். திங்கட்கிழமை சோதனை. மூன்றாவது அடுக்கு பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் மூலையில், மரத்தூளுக்கு அடியில், வேறு எதுவும் கிடையாது.

பிப்ரவரி 2

எல்லாம் போய்விட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று கூட்டம் அதிகம். அவர் காதர் பாயின் குதிரைக்கு மறுபடி மூக்கைத் துடைக்கப் போயிருந்தார். முதலியாரே இன்று மேலே வந்து, கர்ப்பூரத் தட்டை ஏந்தி நின்றார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது திரைக்குள்ளிருந்து 'கீச்'சென்று ஒரு சத்தம்.

"கெவுளி சொல்லுது. நல்ல சகுனம்" என்றாள் முழங்கால் வலிக்காரி.

எல்லாரும் தரையில் விரலால் தட்டிக்கொண்டார்கள். மறுபடி கீச். அப்புறம் கீச், கீச், கீச். இத்தனை தடவை சொல்லும் கெவுளி எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. திரையின் அடி அசைந்தது. ஈரத் தலையும் ஒட்டிய மஞ்சள் மயிருமாக ஒரு கோழிக்குஞ்சு தள்ளாடி வெளியே வந்து, முதலியாரின் கால் கட்டைவிரலில் ஏறி உட்கார்ந்தது. அதன் முதுகில் பாதி ஓடு. ஓட்டில் பென்சிலால் எழுதிய 7.

முதலியார் திரையைப் பிய்த்து எறிந்தார்.

பெண்களெல்லாம் படியில் இறங்கிய வேகத்தில் செருப்புகள் ஜோடி மாறிப்போயிருக்கும். தாயாரம்மாள் மட்டும் நின்றாள். குஞ்சைப் பார்த்தாள், பெட்டியில் இருந்த முட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கோழி பொரிக்கிறியா கண்ணு? திங்கத்தானே கூடாது. பொரிச்சா ஒண்ணும் பாவமில்லயே" என்றாள், கணவனுக்கும் சேர்த்து.

எனக்கு வழி விட்டுக் கொடுக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு தங்கிவிடும், குழாய் தங்கிவிடும். நான் வாயைத் திறந்தேன்.

"மத்த குஞ்சுங்கல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

வேறு எதைக் கேட்டிருந்தாலும் பொய் சொல்லியிருப்பேன். இத்தனை நாள் பழக்கம் இருக்கிறது. இதற்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை.

"மத்தது இல்லைம்மா. செத்துப்போச்சு. நாங்கதான் கொன்னோம்." அப்புறம் நிறுத்த முடியவில்லை. "குதிரைக்கு ஏன் இருமல் வருதுன்னு கண்டுபிடிக்க, அதோட மூக்குத் தண்ணிய எடுத்து, ஊசியால முட்டைக்குள்ள ஏத்துதோம். அது உள்ள வளரும். அப்புறம் முட்டைய உடைச்சுப் பாக்கணும். இது ஒண்ணை மட்டும் நான் ஒளிச்சு வச்சேன்."

முதலியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குதிரை மூக்குத் தண்ணி" என்றார். சுவரைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். "நீங்க சாப்பிட்டிருந்தாக் கூட மன்னிச்சிருப்பேம்மா."

நாளை பொழுது சாய்வதற்குள் பல்பை அணைத்துப் பெட்டி வெளியே போக வேண்டும். மாதக் கடைசியில் நாங்களும். தாயாரம்மாள் கர்ப்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பிப்ரவரி 3

அவர் மூன்று மணிக்கே ஓடி வந்தார், படியிலேயே கத்திக்கொண்டு. "பொட்டு உக்காரலை! ஒண்ணுலயும் உக்காரலை பிரமு!"

என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. நேற்று முழுக்க ஏழாம் நம்பரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். இப்போதும் கேட்கவில்லை. அது அடுப்படியில் நொய்யரிசி கொத்திக்கொண்டிருந்தது.

"தலைவர் என்ன சொன்னாரு?"

"ஒரு தடவை வந்தா தற்செயலாம். மறுபடி காட்டச் சொல்லுதாரு. மூணாவது அடுக்குல காட்டிரலாம். நாளை மறுநா ஊசி."

பெட்டி இன்று போகிறது. சூடு ஒரு மணி நேரம் போனால் மூன்றாவது அடுக்கும் போய்விடும். அவர் பல்பின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிடுங்க மனசு வரவில்லை. எனக்கு வீடு போவதைவிட அவர் அப்படி நின்றதுதான் தாங்கவில்லை. இதைத் திருவல்லிக்கேணிக் குழாயடியில் ஒருத்தியிடம் சொன்னால் சிரிப்பாள்.

"அந்தக் கையை எடுங்க தம்பி."

வாசலில் தாயாரம்மாள். பின்னால் நாலு படி கீழே முதலியார்.

"நீ பொய் சொன்ன" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "அது உன் பாடு. நான் நெசமாத்தான் கும்பிட்டேன். காஞ்சிபுரத்துக்காரங்க சரின்னு சொன்னது பொய்யா? குமுட்டி அடுப்புக்கு முன்னால நான் வெந்தது பொய்யா? அது எதைச் சூடாக்குதோ எனக்கென்னா? நான் வேண்டிக்கினது விளக்குகிட்ட. பங்குனியில எம்பொண்ணு கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும் அந்த பல்பு அணையக் கூடாது."

"தாயாரு, அது முட்டைடி" என்றார் முதலியார் கீழிருந்து.

"நீங்க வந்து அணைங்க. நாளைக்குச் சம்பந்தம் நின்னுதுன்னா நீங்களே காஞ்சிபுரம் போயிப் பேசுங்க."

முதலியார் மேலே நாலு படி ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பங்குனிக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாயாரம்மாள் போகவில்லை. "ஒண்ணு. திருட்டுத்தனமா இனிமே வேணாம். உசிரை எடுக்கறதா இருந்தா என் கண்ணு முன்னால எடுங்க" என்றாள்.

பிப்ரவரி 5

சொன்னபடி வந்தாள், கையில் விபூதித் தட்டு. ஊசிக்கு முன் ஒவ்வொரு முட்டைக்கும் விபூதி பூச வேண்டுமாம். அவர் பதறிப்போனார்.

"அம்மா, அதுல கிருமி இருக்கும்."

"விபூதியிலயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சாயத்து செய்தேன். முதலில் விபூதி, அப்புறம் ஸ்பிரிட்டால் துடைப்பது, அப்புறம் ஊசி. இரண்டு பேருக்கும் சம்மதம்.

"ஊசி குத்தினா அதுக்கு வலிக்குமா தம்பி?"

அவர் எதற்கும் சரியான பதில் சொல்ல வேண்டியவர். "தெரியலம்மா" என்றார்.

தாயாரம்மாள் முதல் முட்டையைக் கையில் எடுத்தாள். விபூதி பூசினாள். அதைக் காதருகே கொண்டுபோய், பிறகு வாயருகே வைத்து, "மன்னிச்சுக்கோடா கண்ணு" என்றாள். ஒவ்வொரு முட்டையிடமும் சொன்னாள். அவசரப்படவே இல்லை.

நான் மெழுகை வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன். பெட்டியைத் துடைத்தேன், சூடு பார்த்தேன், டார்ச்சைப் பிடித்து அது துள்ளுவதைப் பார்த்துச் சிரித்தேன், அவருடைய கண்டுபிடிப்பு ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 10

பரவிவிட்டது. எல்லாக் குழாயிலும். துறைத் தலைவர் குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "புழுதி இல்ல போலிருக்கே" என்று மட்டும் சொன்னாராம். அறிக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். முட்டைகள் வழக்கமான முறைப்படி தயார்செய்யப்பட்டன என்று அவர் எழுதினார். விபூதியையும் எழுதுங்கள் என்றேன். எழுதினால் அச்சிட மாட்டார்கள் என்றார்.

தாயாரம்மாளுக்குக் காட்ட ஒரு குழாயை வீட்டுக்கே கொண்டுவந்தார். முதலியாரும் வந்து, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"இதனால குதிரைக்கு இருமல் நின்னுடுமா?"

"நிக்காதுங்க. எதனால இருமுதுன்னு தெரிஞ்சிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுக்கா இத்தனை?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் இருமினார்.

"மார்கழி பொறந்தா இதே கூத்து" என்றாள் தாயாரம்மாள். "எத்தனை வைத்தியர், எத்தனை லேகியம். எதனாலன்னு மட்டும் ஒருத்தன் சொல்லல."

முதலியார் நிமிர்ந்தார். கண்ணாடிக் குழாயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் அவரிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏன் தம்பி, மனுசன் மூக்குத் தண்ணிய வச்சும் இதைப் பாக்கலாமா?"

"பாக்கலாங்க. குதிரையைவிட சுலபம்."

முதலியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் பஞ்சு எடுக்கப் போனார். தாயாரம்மாள் விபூதித் தட்டை எடுக்கக் கீழே போனாள். நான் பெட்டியைத் திறந்து, புதிதாக வைத்திருந்த நாலாவது அடுக்கில் எந்த முட்டையிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.